புகையும் தூசியும் பயிரைக் கெடுத்தால்... அரசு எப்படி அளக்கிறது, விவசாயி என்ன செய்யலாம்?

பயிரின் இலை கருகினால் விவசாயியின் கை முதலில் தெளிப்பானைத்தான் தேடும். பூஞ்சாணக் கொல்லி ஒரு முறை, பூச்சி மருந்து ஒரு முறை, பிறகு கடைக்காரர் கொடுக்கும் 'டானிக்' ஒரு முறை. இந்த மூன்றுக்கும் கேட்காத கருகல் ஒன்று உண்டு. அது காற்றில் வருவது. செங்கல் சூளை, கல் உடைக்கும் கிரஷர், சிமெண்டுத் தொழிற்சாலை, நிலக்கரி எரிக்கும் கொதிகலன் ஆகியவற்றின் பக்கத்தில் நிலம் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் பலர், நோய் என்று எண்ணி மருந்துக்குப் பணம் செலவழித்த பிறகே புகையின் மீது சந்தேகம் கொள்கிறார்கள். அதற்குள் புகை கலைந்து, இலையும் உதிர்ந்துவிடுகிறது. மனு கொடுத்தால், "காற்றை அளந்து பார்த்தோம், வரம்புக்குள்தான் இருக்கிறது" என்று பதில் வருகிறது.

அந்தப் பதில் பொய் என்று சொல்லிவிட முடியாது. அரசு காற்றை எப்படி அளக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், அளவு வரம்புக்குள் இருக்கும்போதே பயிர் கருக முடியும் என்பது விளங்கும். எந்த இடத்தில், எந்த நேரத்தில், எத்தனை மணி நேரச் சராசரியாக அளக்கச் சொல்லி மனு எழுத வேண்டும் என்பதும் அப்போது தெரியும். ஆகவே இந்த அளவை முறையைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

விவசாயிகள் தொடுத்த ஒரு பழைய வழக்கு

ஆலைப் புகையை இடைவிடாமல் அளந்து, அந்த அளவுக்கு ஏற்ப ஆலையை நடத்தச் சொல்லும் முறைக்கு, பயிரிழந்த விவசாயிகளின் புகார் ஒன்று பெரிய காரணமாக இருந்திருக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் டிரெயில் என்ற ஊரில், கொலம்பியா ஆற்றங்கரையில், 1896-ல் ஓர் உலோக உருக்காலை தொடங்கப்பட்டது. ஈயமும் துத்தநாகமும் உருக்கும் ஆலை அது. தாதுவில் இருந்த கந்தகம் எரிந்து கந்தக டை ஆக்சைடு வாயுவாகப் புகைபோக்கி வழியே வெளியேறியது. 1925-லும் 1927-லும் 409 அடி உயரத்தில் இரண்டு புகைபோக்கிகள் எழுப்பப்பட்டன. உற்பத்தியும் பெருகியது. 1930 வாக்கில் நாளொன்றுக்கு 300 முதல் 350 டன் வரை கந்தகம் காற்றில் கலந்துகொண்டிருந்தது.

ஆலையிலிருந்து அமெரிக்க எல்லை நேர்க்கோட்டில் சுமார் 7 மைல். ஆறு ஓடும் குறுகிய பள்ளத்தாக்கு வழியே புகை எல்லை தாண்டி, வாஷிங்டன் மாநில விவசாயிகளின் தானியப் பயிர்களையும் குதிரை மசாலையும் காட்டு மரங்களையும் கருக்கியது. ஆலை ஒரு நாட்டில், வயல் இன்னொரு நாட்டில். எந்த நீதிமன்றத்தில் வழக்குப் போடுவது என்பதே பெரிய சிக்கல். கடைசியில் இரண்டு அரசுகளும் 1935-ல் ஒப்பந்தம் செய்து, நடுவர் மன்றம் ஒன்றை அமைத்தன. 1931 முடிய ஏற்பட்ட சேதத்துக்கு 3,50,000 டாலர் என்று முன்னரே முடிவாகியிருந்தது. அதற்குப் பிந்தைய சேதத்துக்கு 78,000 டாலர் கொடுக்க வேண்டும் என்று 1938-ல் மன்றம் தீர்ப்பளித்தது.

நட்ட ஈட்டைவிட முக்கியமானது 1941 மார்ச்சில் வந்த இறுதித் தீர்ப்பு. அதற்கு முன் சில ஆண்டுகள் பள்ளத்தாக்கில் தானியங்கிப் பதிவுக் கருவிகளை வைத்து, வாயுவின் அளவையும் காற்றின் போக்கையும் வல்லுநர்கள் ஆராய்ந்திருந்தார்கள். அதில் ஒரு வியப்பான உண்மை தெரிய வந்தது. இரவு முழுவதும் தரைக்கு மேலே மிதந்துகொண்டிருந்த புகை, சூரியன் உதித்துத் தரை சூடாகத் தொடங்கியதும், பள்ளத்தாக்கின் பல இடங்களில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கீழே இறங்கியது. காலை வேளையில் இலைத்துளைகள் திறந்திருக்கும். வளரும் பருவத்துப் பயிர் வாயுவை எளிதில் உள்ளே இழுத்துக்கொள்ளும். இதையெல்லாம் வைத்து, பயிர் வளரும் பருவத்துக்கு ஒரு விதி, மற்றப் பருவத்துக்கு ஒரு விதி, விடியற்காலைக்கு ஒன்று, பகலுக்கு ஒன்று என்று மன்றம் வகுத்துக் கொடுத்தது. பதிவுக் கருவியின் அளவு வரம்பைத் தாண்டினால் ஆலை தன் வெளியேற்றத்தைக் குறைத்தாக வேண்டும்.

இடையிலேயே, 1930-களின் தொடக்கத்தில், அந்த நிறுவனம் வீணாகப் போன வாயுவைப் பிடித்துக் கந்தக அமிலமாக்கி, அதிலிருந்து உரம் தயாரிக்கத் தொடங்கியிருந்தது. பயிரைக் கருக்கிய கந்தகம் பயிருக்கே உரமாக வந்து சேர்ந்தது.

நம் சட்டத்தில் தாவரமும் உண்டு

இந்தியாவில் காற்று மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 1981-ல் இயற்றப்பட்டது. 1972-ல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஐக்கிய நாடுகள் மாநாட்டில் இந்தியா கலந்துகொண்டதன் தொடர்ச்சி அது. அந்தச் சட்டத்தில், 'காற்று மாசு' என்றால் என்ன என்று விளக்கும் இடத்தை விவசாயிகள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. மனிதர்களுக்கும் பிற உயிரினங்களுக்கும் மட்டுமல்லாமல், தாவரங்களுக்கும் சொத்துக்கும் கேடு விளைவிக்கக்கூடிய அளவில் காற்றில் கலந்திருக்கும் எந்தப் பொருளும் மாசுதான் என்று சட்டம் சொல்கிறது. ஆகவே, "ஊரில் யாருக்கும் இருமல் இல்லையே, பயிர்தானே கருகியது" என்று ஒரு மனுவை ஒதுக்கச் சட்டத்தில் இடமில்லை.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1974-லும் தமிழ்நாடு வாரியம் 1982-லும் அமைக்கப்பட்டவை. ஆலை தொடங்குவதற்கு ஓர் இசைவாணை, இயக்குவதற்கு ஓர் இசைவாணை என்று வாரியத்திடம் இரண்டு வாங்க வேண்டும். என்ன எரிபொருள், எவ்வளவு உற்பத்தி, புகைபோக்கி எவ்வளவு உயரம், தூசி பிடிக்கும் சாதனம் எது என்பதெல்லாம் அந்த ஆணையிலேயே எழுதப்பட்டிருக்கும். ஆலைக்குள் நுழைந்து பார்க்கவும், மாதிரி எடுக்கவும், மீறினால் மூட உத்தரவிடவும், மின் இணைப்பைத் துண்டிக்கவும் வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. 2023-ல் செய்த திருத்தத்தின்படி, 2024 ஏப்ரல் முதல் விதிமீறல்களுக்குச் சிறைத் தண்டனைக்குப் பதிலாக 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கும் முறை வந்துள்ளது. பெரிய ஆலைக்கு 15 லட்சம் ஒரு பொருட்டா என்ற கேள்வி நியாயமானதே. சிறிய சூளைக்கு அது பொருட்டுதான்.

வரம்புகள் இரண்டு வகைப்படும். இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஏரி மதகில் எவ்வளவு நீர் திறக்கிறார்கள் என்பது ஒரு கணக்கு. கடைமடை வயலில் எவ்வளவு நீர் நிற்கிறது என்பது வேறு கணக்கு. அதுபோலப் புகைபோக்கி வாயில் வெளியேறும் புகைக்கு ஒரு வரம்பு. நாம் மூச்சுவிடும் வெளிக்காற்றில் கலந்து நிற்கும் மாசுக்கு வேறொரு வரம்பு. மதகில் அளவோடு திறந்தாலும், பத்து மதகுகள் ஒரே வாய்க்காலில் விழுந்தால் வயல் மூழ்கும். ஒவ்வொரு சூளையும் தனித்தனியே வரம்புக்குள் இருக்க, பத்துச் சூளைகளுக்கு நடுவில் உள்ள தோப்பு கெடுவது இப்படித்தான்.

வெளிக்காற்றுக்கான தேசிய வரம்புகள் 2009 நவம்பர் 18-ல் அறிவிக்கப்பட்டவை. மொத்தம் 12 மாசுகள். கந்தக டை ஆக்சைடு ஒரு கன மீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரியாக 80 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரியாக 50 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது. 10 மைக்ரானுக்கு உட்பட்ட தூசி 24 மணி நேரத்துக்கு 100, ஆண்டுக்கு 60. அதைவிட நுண்ணிய 2.5 மைக்ரான் தூசிக்கு 60-ம் 40-ம். 2009-க்கு முன்பு தொழிற்பேட்டைக்குத் தளர்ந்த வரம்பும், குடியிருப்புக்கும் கிராமத்துக்கும் இறுக்கமான வரம்பும் இருந்தன. இப்போது தொழிற்சாலைப் பகுதி, குடியிருப்பு, கிராமம் எல்லாவற்றுக்கும் ஒரே வரம்பு. 'இது தொழிற்பேட்டைப் பகுதி, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்' என்ற பதில் இனிச் செல்லாது.

சராசரிக்குள் மறையும் காலைப் புகை

தூசியை அளக்கும் முறை எளிமையானது. எடை போட்ட வடிதாள் ஒன்றைக் கருவியில் பொருத்தி, தெரிந்த அளவு காற்றை அதன் வழியே இழுக்கிறார்கள். பிறகு தாளை மறுபடியும் எடை போடுகிறார்கள். கூடிய எடையை, இழுத்த காற்றின் அளவால் வகுத்தால் தூசியின் அளவு கிடைக்கும். வாயுக்களை அவற்றை உறிஞ்சும் கரைசல் வழியே குமிழியிடச் செய்து, ஆய்வகத்தில் நிறத்தின் அடர்த்தியை வைத்துக் கணக்கிடுகிறார்கள். வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு 24 மணி நேரம், ஆண்டுக்குக் குறைந்தது 104 நாள் என்பது விதி. நாடு தழுவிய இந்தத் திட்டம் 1984-ல் ஆக்ராவிலும் அன்பராவிலும் 7 நிலையங்களோடு தொடங்கியது. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி, சேலம், தூத்துக்குடி, கடலூர், மேட்டூர் ஆகிய இடங்களில் இந்த நிலையங்கள் அமைந்தன. இவை தவிர, இரவு பகலாகத் தானே அளந்து கணினிக்கு அனுப்பும் நிலையங்களும் நகரங்களில் வந்துள்ளன. செய்தித்தாள்களில் 0 முதல் 500 வரை வெளியாகும் காற்றுத் தரக் குறியீடு பெரும்பாலும் அவற்றிலிருந்து வருவது. அது நகரவாசியின் நுரையீரலுக்கான கணக்கு, இலைக்கானது அல்ல.

இப்போது கணக்குக்காக ஒரு வயலை எடுத்துக்கொள்வோம். மார்கழி மாதத்து விடியலில், பனி மூட்டத்தோடு புகை இறங்கி, ஒரு மணி நேரம் மட்டும் கந்தக டை ஆக்சைடு 1,700 மைக்ரோகிராம் இருந்தது. மீதி 23 மணி நேரமும் வெறும் 5 மைக்ரோகிராம்தான். 24 மணி நேரச் சராசரி என்ன? 1,700-உடன் 115-ஐக் கூட்டி 24-ஆல் வகுத்தால் சுமார் 76. வரம்பு 80. ஆகவே 'வரம்புக்குள்' என்று அறிக்கை வரும். ஆனால் எளிதில் பாதிக்கப்படும் பயிருக்கு அந்த ஒரு மணி நேரமே போதுமானதாக இருக்கலாம். மேலும், ஆண்டில் 2 சதவீத நேரம் வரம்பைத் தாண்டினாலும், அது அடுத்தடுத்த இரண்டு நாட்களாக இல்லாதவரை, விதி அதைப் பொறுத்துக்கொள்கிறது. மனிதனின் நீண்ட கால நலனுக்கு இந்தச் சராசரி முறை பொருத்தமே. பூவெடுக்கும் நாளில் ஒரே ஒரு காலை அடிபட்ட பயிருக்கு இது பொருந்தாது. இதைக் குறையென்று சொல்லத்தான் வேண்டும்.

வேறு நாடுகள் இதைக் கவனித்திருக்கின்றன. அமெரிக்கா, மக்கள் நலத்துக்கு ஒரு வரம்பும், பயிர், கால்நடை, கட்டடம் முதலியவற்றுக்குத் தனியாக இரண்டாம் வரம்பும் என்று 1970-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே பிரித்தது. 1971-ல் கந்தக டை ஆக்சைடுக்கு வைத்த இரண்டாம் வரம்பு 3 மணி நேரச் சராசரி. 2024 டிசம்பரில்தான் அதை ஆண்டுச் சராசரியாக மாற்றினார்கள். ஐரோப்பிய நாடுகள் ஓசோனுக்கு இன்னும் நுட்பமான கணக்கு வைத்திருக்கின்றன. மே முதல் ஜூலை வரை, பகல் 8 மணி முதல் இரவு 8 மணி வரை, ஓசோன் 80 மைக்ரோகிராமைத் தாண்டிய பகுதியை மட்டும் மணிக்கு மணி கூட்டிக்கொண்டே போகிறார்கள். நம் நாட்டு வரம்பில் பயிருக்கென்று தனி வரி கிடையாது. சூழல் முக்கியத்துவம் வாய்ந்தவை என்று அறிவித்த பகுதிகளுக்கு மட்டும் கந்தக டை ஆக்சைடின் ஆண்டு வரம்பு 20 என்று குறைத்து வைக்கப்பட்டுள்ளது.

ஓசோனைப் பற்றி இன்னொரு செய்தி. இது எந்தப் புகைபோக்கியிலிருந்தும் நேரே வருவதில்லை. வாகனப் புகையிலும் ஆலைப் புகையிலும் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும் எரிபொருள் ஆவிகளும் வெயிலில் வினைபுரிந்து உண்டாவது. நகரத்துக்குள் புதிதாக வரும் வாகனப் புகையே இதில் ஒரு பகுதியை அழித்துவிடுகிறது. காற்று நகரத்தைத் தாண்டி வயல்வெளிக்கு வரும்போது ஓசோன் கூடிவிடுவது உண்டு. கருவி நகரத்தில் நிற்கிறது. கேடு கிராமத்தில் நடக்கிறது. 2019-ல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்திலும் தமிழ்நாட்டிலிருந்து சேர்க்கப்பட்டவை சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி ஆகிய நகரங்களே.

பெரிய ஆலைகளின் புகைபோக்கியில் நேரடி அளவைக் கருவி பொருத்த வேண்டும் என்று 2014-ல் மத்திய வாரியம் உத்தரவிட்டது. சிமெண்டு, அனல் மின்சாரம், சர்க்கரை, உரம் முதலிய 17 வகைத் தொழில்கள் இதில் அடங்கும். சூளையும் கிரஷரும் அந்தப் பட்டியலில் இல்லை. சிறு விவசாயியின் வரப்பை ஒட்டி இருப்பவை பெரும்பாலும் இவைதான்.

இலை சொல்லும் சாட்சி

கருவி இல்லாத இடத்தில் இலையே கருவி. காற்றுக் கேட்டை நோயிலிருந்து பிரித்தறிய முதலில் வரப்பையும் வேலியையும் பார்க்க வேண்டும். பூஞ்சாணமோ பூச்சியோ பெரும்பாலும் ஒரு பயிரையோ அதன் இனத்தையோதான் தாக்கும். பயிர், களை, வேலிச் செடி, பக்கத்து மரம் என்று சம்பந்தமில்லாத பல தாவரங்கள் ஓரிரு நாளில் ஒன்றாகக் கருகியிருந்தால் காற்றைச் சந்தேகிக்கலாம். சேதம் ஆலைக்கு அருகில் கடுமையாகவும், தள்ளிப் போகப் போகக் குறைந்தும், காற்று அடிக்கும் பக்கமாக விசிறி போல விரிந்தும் இருக்கும்.

கந்தக டை ஆக்சைடு தாக்கினால் நரம்புகள் பச்சையாகவே நிற்க, அவற்றுக்கு நடுவிலுள்ள பகுதி வெளுத்துத் தந்த நிறமாகிப் பிறகு பழுப்பாகும். பருத்தி, பூசணி, குதிரை மசால் ஆகியவை இதை முதலில் காட்டும். செங்கல் சூளை, ஓட்டுத் தொழில், பாஸ்பேட் உர ஆலை ஆகியவற்றிலிருந்து வரும் புளோரைடு வேறு விதம். இலை நுனியும் ஓரமும் கருகி, கருகிய பகுதிக்கும் பச்சைக்கும் நடுவில் செம்பழுப்புக் கோடு ஒன்று தெளிவாகத் தெரியும். சாம்பல் சத்துக் குறைவிலும் உவர் நீரிலும்கூட ஓரம் கருகும் என்பதால், மண்ணும் நீரும் பரிசோதித்து அவற்றை ஒதுக்கிக்கொள்வது அவசியம். புளோரைடு படிந்த புல்லைத் தொடர்ந்து மேயும் மாட்டுக்குப் பல்லும் எலும்பும் கெடும். ஓசோன் முதிர்ந்த இலையின் மேற்பரப்பில் ஊசி குத்தியது போன்ற புள்ளிகளை உண்டாக்கும். நிலக்கடலை, அவரை இனங்கள், உருளைக் கிழங்கு ஆகியவை இதற்கு இளகியவை.

மாங்காயின் நுனி கறுத்து இறுகுவது சூளைப் புகையோடு தொடர்புடையது என்பது வட இந்தியத் தோப்புகளில் நன்கு அறிந்த செய்தி. தசேரி இரகம் இதற்கு எளிதில் ஆளாகிறது. 0.6 சதவீத போராக்ஸ் கரைசலைத் தெளித்துக் கட்டுப்படுத்துவது அங்கே வழக்கம். என்றாலும், சூளை தள்ளி இருப்பதற்கு ஈடான மருந்து அல்ல அது. 2022 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்த விதியில், குடியிருப்பிலிருந்து மட்டுமல்லாமல் பழத்தோட்டத்திலிருந்தும் சூளை குறைந்தது 0.8 கிலோ மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்றும், ஒரு சூளைக்கும் இன்னொன்றுக்கும் 1 கிலோ மீட்டர் இடைவெளி வேண்டும் என்றும் சொல்லப்பட்டுள்ளது. சூளைப் புகையில் தூசி 250 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. புதிய சூளை வரப்போகிறது என்று கேள்விப்பட்டதுமே தோப்புக்காரர்கள் தூரத்தை அளந்து எழுதிக் கொடுப்பது நலம். சூளை எழும்பிய பிறகு அளப்பதைவிட அது சுலபம்.

தூசியின் கேடு மெதுவானது. சிமெண்டுத் தூசி பனியில் நனைந்து இலைமேல் மேலோடு போல இறுகிவிடும்; பிறகு மழையிலும் போகாது. பூவின் சூல்முடியில் படிந்தால் காய்ப்பிடிப்பு குறையும். கிரஷர்களில் தூசி வரும் இடங்களை மூடி நீர் தெளிப்பது, காற்றுத் தடுப்புச் சுவர், வளாகத்துக்குள் தார்ச் சாலை, தரையை நனைத்துக் கூட்டுவது, எல்லையில் மர வரிசை ஆகிய ஐந்தும் விதியிலேயே உள்ள கடமைகள். இவற்றைப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம், கண் போதும். மனுவில் இவற்றில் எது இல்லை என்று குறிப்பிட்டால், அளவை முடிவுக்குக் காத்திராமலே நடவடிக்கைக்கு வழி பிறக்கும்.

விவசாயி மூட்டும் புகை

ஆலைப் புகையைக் குறை சொல்லும்போது நம் வயலில் நாமே மூட்டும் தீயையும் பேசத்தான் வேண்டும். பஞ்சாப், ஹரியானா மாநிலங்களில் நெல் தாளை எரிப்பதைச் செயற்கைக் கோள்கள் வானிலிருந்து தினமும் எண்ணுகின்றன. தரையின் சூட்டை வைத்துத் தீயை அவை அடையாளம் காண்கின்றன. டெல்லி வட்டாரத்துக்குத் தாள் எரிப்புக்கான தொகை 2024 நவம்பரில் இரட்டிப்பாக்கப்பட்டது. 2 ஏக்கருக்குக் குறைவான விவசாயிக்கு 5,000 ரூபாய், 2 முதல் 5 ஏக்கர் வரை 10,000, அதற்கு மேல் 30,000. எந்திரம் வாங்க வசதியில்லாத சிறு விவசாயியிடம் தொகையை மட்டும் வசூலிப்பது எவ்வளவு தூரம் பயன் தரும் என்பது யோசிக்க வேண்டியது.

தமிழ்நாட்டில் வைக்கோல் மாட்டுக்குப் போவதால் அந்தத் தொல்லை குறைவு. கரும்புச் சோகை எரிப்பதுதான் இங்கே வழக்கமாக இருக்கிறது. எரிக்கும்போது சோகையிலுள்ள தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் காற்றோடு போய்விடும். மறுதாம்புக் கரும்பில் பார்களுக்கு இடையே சோகையைப் பரப்பினால் களை குறையும், ஈரம் நிற்கும். ஆலைமீது மனு கொடுப்பவரின் வயலில் சோகை எரிந்துகொண்டிருந்தால், ஆலையின் வக்கீல் அதைத்தான் முதலில் காட்டுவார்.

மனு எழுதும் முறை

காற்றின் திசை முதலில் தெரிய வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று, ஆலைக்குக் கிழக்கே உள்ள வயல்களைத் தாக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று வந்ததும் நிலைமை தலைகீழாகி, தென்மேற்கே உள்ளவர்களுக்குக் கேடு வரும். ஆடியில் கெட்ட வயலில் மார்கழியில் வந்து அளந்தால் எந்த அளவும் கிடைக்காது. வயலில் ஒரு மூங்கில் நட்டு, நுனியில் துணி நாடா கட்டி வைத்தால் திசை தெரியும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, புகை அல்லது நெடி வந்த நேரம், நாடா பறந்த திசை, பனி இருந்ததா, பயிர் எந்தப் பருவத்தில் இருந்தது, என்ன அடையாளம் தெரிந்தது என்று அன்றன்றே குறித்து வர வேண்டும். தூசியானால் ஒரு வரிசைச் செடியை மட்டும் வாரம் ஒரு முறை நீரால் கழுவி, கழுவாத வரிசையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இலை கருகிய இரண்டு மூன்று நாட்களுக்குள் உதவி வேளாண்மை அலுவலரையோ தோட்டக்கலை அலுவலரையோ அழைத்துக் காட்டி, நோய் அல்ல என்று எழுத்தில் பெறுவது மிக முக்கியம். புகைப்படத்தைக் கைபேசியில் தேதியோடு எடுத்து வைக்கலாம்.

மனு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுதப்பட வேண்டும். நகலை ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கொடுக்கலாம். 'புகையால் பயிர் நாசம், நடவடிக்கை எடுக்கவும்' என்று மட்டும் எழுதினால் பயன் குறைவு. புல எண், பரப்பு, ஆலையிலிருந்து தூரமும் திசையும், சேதமான நாட்கள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, காற்று மாதிரியை நகரத்திலோ ஆலை வாசலிலோ அல்ல, இந்தப் புல எண்ணிலேயே எடுக்க வேண்டும் என்று கேட்க வேண்டும். ஆலை முழு அளவில் ஓடும் நாளில், காற்று இந்தப் பக்கம் அடிக்கும் பருவத்தில், விடியற்காலை நேரமும் உட்பட எடுக்கச் சொல்ல வேண்டும். 24 மணி நேரச் சராசரியோடு மணிவாரி அளவையும் தரக் கோர வேண்டும். புகைபோக்கி மாதிரியும் அதே நாளில் எடுக்கச் சொல்வது நல்லது. பல விவசாயிகள் சேர்ந்து, சேதம் விசிறியாக விரிந்திருப்பதை ஒரு கிராம வரைபடத்தில் வண்ணமிட்டு இணைத்தால் மனுவுக்கு எடை கூடும்.

ஆலையின் இசைவாணை நகல், முந்தைய காற்று ஆய்வறிக்கைகள் ஆகியவற்றை 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்டுப் பெறலாம். ஆணையில் எழுதிய எரிபொருளுக்குப் பதிலாக வேறு எதையாவது எரிக்கிறார்களா, சொன்ன சாதனம் ஓடுகிறதா என்பது அப்போது தெரிந்துவிடும்.

இழப்பீடு வேண்டுமானால், 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் உள்ளது. அந்தச் சட்டத்தின் அட்டவணையில் இழப்பீடு கோரத்தக்கவற்றுள் பயிர்கள், காய்கறிகள், மரங்கள், பழத்தோட்டங்கள் எல்லாம் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளன. கறவை மாடும் உழவு மாடும் உண்டு. சேதம் நேர்ந்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் விண்ணப்பம் போட வேண்டும். சேதமான பருவத்துக்கு முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகளின் விற்பனைச் சீட்டுகள், சாகுபடிச் செலவுக் கணக்கு, அடங்கல் நகல், வேளாண் அலுவலரின் சான்று, மனு பெற்றதற்கான தேதி முத்திரையுள்ள நகல் ஆகியவற்றை அதுவரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.